முதல் முப்பது நொடி

செய்தி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. வேறு யாரும் ஏமாற்றவில்லை, நானே பார்த்துக்கொண்டேன்.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறாள். நடவு இல்லாத நாட்களில் நூறு நாள் வேலைக்கு. அரசியலில் ஏதாவது புரியவில்லை என்றால் ஊர் என்னிடம்தான் வரும் என்பது என் எண்ணம். (வந்ததில்லை. நானாகத் தேடிப்போய்ச் சொல்வேன்.)

நாளிதழை நிறுத்திவிட்டு ரீல்ஸுக்கு மாறிய வருடம் அது. சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என் மனைவி எஸ்தர், அதில் போய் யாராவது நியூஸ் பார்ப்பார்களா என்று சிரித்தாள். கணக்கு வாத்தியாரிடம் இப்படிக் கேட்கலாமா? தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு மாதம் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்து மார்க் போட்டேன். கத்திப் பேசினால் இரண்டு மார்க் கழிவு. பேய்ப்பட இசை போட்டால் மூன்று. கடைசியில் தேறியவர் ஒரே ஒருவர். கண்ணாடி போட்ட இளைஞர், நிதானமான குரல், முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையத் தடித்தடியான புத்தகங்கள். (அத்தனையும் போட்டித் தேர்வு கைடுகள் என்பது பின்னாளில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.)

ஒருநாள் காலை பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் அவருடைய புது வீடியோ வந்தது. நகராட்சியோடு சேர்க்கப்படும் கிராமங்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர் எங்கள் ஊர்ப் பெயரையும் சொன்னார். நகராட்சியோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதிப்பதற்கு முப்பது நொடி போதுமாக இருந்ததால் மீதியைப் பார்க்கவில்லை. 'முற்றிலும் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப இனிமே நூறு நாள் வேல கெடையாதாப்பா?"

"கெடையாதும்மா. ஆனா நான் விடமாட்டேன்."

இதைச் சொன்னபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிராமசபை. அம்மா நடவு வயலில் சொல்ல, வயல் முழுக்கச் செய்தி பரவியது. ஞாயிறன்று கலியமூர்த்தி வயலில் நடவு. நாற்று முத்திக்கொண்டிருக்கிறது, ஒருநாள் பொறுக்கக் கூடாதா என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். பெண்கள் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. வழக்கமாக இருபது பேர் வரும் கூட்டத்துக்கு (அதில் பாதி டீக்காக) அன்று பள்ளிக்கூடத் திடல் கொள்ளாத ஜனம்.

பதினோரு நிமிடம் பேசினேன். கைதட்டல் அடங்கியதும் ஊராட்சித் தலைவர் வசந்தா அமைதியாகக் கேட்டார்.

"எங்களுக்கு எந்த ஆர்டரும் வரலியே சார். நீங்க எதுல பாத்தீங்க?"

"ஆதாரம் இருக்குங்க" என்று போனை நீட்டினேன். ஊராட்சிச் செயலர் அதை வாங்கி மைக்கில் வைத்தார்.

முதல் முப்பது நொடி கம்பீரமாக ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். வீடியோ நிற்கவில்லை. அதே நிதானக் குரல் தொடர்ந்தது: "இந்தத் தகவலை அந்த ஊரைச் சேர்ந்த ஓர் ஆசிரியரே நம்மிடம் உறுதி செய்திருக்கிறார். 'எங்கள் ஊரையும் சேர்த்துவிட்டார்கள்' என்று வேதனையோடு சொல்கிறார் பாக்கியநாதன், எம்.எஸ்ஸி., பி.எட்."

பட்டங்களோடு ஊரில் இருக்கும் ஒரே பாக்கியநாதன் நான்.

சில வாரங்களுக்கு முன் அவருடைய வேறொரு வீடியோவின் கீழ், பட்டங்களோடு என் பெயர் போட்டு, 'எங்கள் ஊரையும் சேர்த்துவிட்டார்களா?' என்று கேட்டிருந்தேன். அவர் செய்தது ஒன்றும் பெரிய மோசடியில்லை. கடைசி எழுத்தின் காலை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்திருந்தார்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"ஏம்பா, அந்த வாத்தியாரு நீதானா?"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரிக்காதவர் கலியமூர்த்தி ஒருவர்தான். நேராக என்னிடம் வந்து, "நாளைக்கு நடவுக்கு நீங்களும் வந்துருங்க சார்" என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் நட்ட வரிசையை அம்மா பிடுங்கி மறுபடி நட்டாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் நிறைந்திருந்ததைப் பார்த்த வசந்தா, ஆள் சேராமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த வாய்க்கால் தூர்வாரும் தீர்மானத்தை அன்றே நிறைவேற்றிவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதெல்லாம் இதை நான் ஞாபகப்படுத்துவதுண்டு. யாரும் மறுத்துப் பேசுவதில்லை, கேட்பதும் இல்லை.

கண்ணாடி இளைஞருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். கும்பிடு படம் ஒன்று போட்டு, 'வேறு செய்தி இருந்தாலும் அனுப்புங்க சார்' என்று பதில் வந்தது.

இப்போது நான் பார்ப்பது குத்தாலம் பக்கத்துப் பெண் ஒருவரை. அவருக்குப் பின்னால் புத்தகம் கிடையாது, துணி காயும் கொடிதான். ஒருநாள் அவர், "நேத்து நான் சொன்னது தப்பு. ஆர்டரப் படிக்காம சொல்லிட்டேன்" என்று தனியாக ஒரு வீடியோ போட்டார். நூற்றுக்கு நூறு கொடுத்தேன். ஆனாலும் அவர் காட்டும் ஆணையை நானும் தேடி எடுத்து, கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். இந்த விஷயத்தில் இன்று டெல்டாவிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

வீட்டில்தான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். போன வருடம் எனக்குத் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு கிடைத்தது. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். மறுநாள் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் வந்து, வாட்ச்மேனிடம் விசாரித்து, என் அறை வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம்தான் கேசரி கிண்டினார்கள்.