பன்னெண்டுக்கு ஒரு பிக்கப்

"பிக்கப் செத்துப்போச்சு," என்றார் கிட்டார் ரிப்பேர்க்காரர், டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "எத்தனை வருஷமா இருக்கு?"

"இருபத்திரெண்டு," என்றான் கிட்டாரைக் கொண்டுவந்தவன்.

"மனுஷனா இருந்தா இந்த வயசுல பொண்ணு பாக்க ஆரம்பிப்பாங்க. இதுக்கு ஆயுசே முடிஞ்சிருச்சு."

அது பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார். தந்திகள் இரண்டிரண்டாக ஆறு ஜோடி. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து, அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தப் பட்டைதான் பிக்கப். ஒரு காலத்தில் இசைக்குழுவில் இதை வாசித்ததால்தான் அவனுக்குப் 'பன்னெண்டு' என்று பெயர் வந்தது. டிரம்ஸ்காரன் கடல் தாண்டிப் போனான். பாடகன் இன்ஷூரன்ஸ் விற்கப் போனான். பன்னெண்டுக்குக் கல்யாணம் நடந்து, முடிந்தும் போயிருந்தது. இப்போது பல் மருத்துவமனைகளுக்குச் செயற்கைப் பல்செட் செய்து கொடுக்கிறான். நாள் முழுக்கச் சுற்றிலும் வாய்கள், ஒன்றும் பேசாது.

ரிப்பேர்க்காரர் முதலில் சாதாரண ஆறு தந்திக்கான பிக்கப்பைப் போட்டுக் கொடுத்தார். பன்னெண்டு வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தான்.

"ஜோடியில ஒருத்தன் கத்துறான், இன்னொருத்தன் முனகுறான்."

"ஆறு காந்தத்தைப் பன்னெண்டு கம்பிக்குப் பங்கு போட்டா அப்படித்தான். குடும்பம் மாதிரி."

"எங்க வீட்ல ரெண்டு பேருமே கத்தினோம்."

ரிப்பேர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பன்னெண்டு சொன்ன ஜோக்குக்கு யாராவது சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனாலேயே கணக்குப் போட முடியவில்லை. அன்று கிளம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அடுத்து வந்தது, தந்திக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குட்டிக் காந்தங்கள் வைத்தது. ஆனால் இவன் கிட்டாரில் தந்திகள் நெருக்கம். ஒரு காந்தமும் தன் தந்திக்கு நேராக நிற்கவில்லை. "நான் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்," என்று பன்னெண்டு பல் ராவும் கருவியால் மரத்தைக் குடைந்தான். பிக்கப் நகர்ந்தது. குழிக்குள் விழுந்தும் விட்டது.

மூன்றாவது, நீளமாக ஒரே காந்தம். எல்லாத் தந்திக்கும் சமநீதி. ஆனால் இழுக்கிற இழுப்பில் எந்தத் தந்தியும் சுருதியில் நிற்கவில்லை.

"இது பிக்கப் இல்ல, மாமியார்," என்றார் ரிப்பேர்க்காரர். "சனிக்கிழமை வாங்க பன்னெண்டு. இதே மாதிரி, கொஞ்சம் சாதுவானது ஒண்ணு வரவழைக்கிறேன்."

அந்தச் சாதுவான பிக்கப்பை மாட்டி ஒரு தட்டு தட்டியதும் பன்னிரண்டு தந்திகளும் ஒரே குரலில் எழுந்தன. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. இருபத்திரெண்டு வருடத்தில் இந்தக் கிட்டார் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

"அவ்வளவுதான்," என்றார் ரிப்பேர்க்காரர்.

"அவ்வளவுதான்," என்றான் பன்னெண்டு. கிட்டாரை உறையில் போட இரண்டு பேருமே அவசரப்படவில்லை.

அந்த வாரம் அவன் நாலு பல்செட் முடித்தான். வெள்ளிக்கிழமை மாலை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எங்கே போவது என்று யோசித்தான். பிறகு மெல்லிய இடுக்கியை எடுத்து, பிக்கப்பின் கறுப்பு ஒயரை அலுங்காமல் கழற்றினான்.

"தானா விட்டுப்போச்சு," என்றான் மறுநாள்.

ரிப்பேர்க்காரர் ஒயரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒயர் விட்டுப்போறது சகஜம். இவ்வளவு நேர்த்தியா விட்டுப்போய் நான் பாத்ததில்ல."

பன்னெண்டுக்குக் காது வரை சுட்டது. அதனால் அடுத்த வாரம் சிவப்பு ஒயரைக் கொஞ்சம் அசிங்கமாகப் பிய்த்தான். அதற்கடுத்த வாரம் ஒரு திருகாணியைத் தொலைத்தான். இப்படியே இரண்டரை மாதம் ஓடியது. ரிப்பேர்க்காரர் ஒரு வாரம்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவனை அரித்தது.

போனில் தங்கையிடம் உளறிவிட்டான்.

"ஏண்ணா, உனக்குப் பேச ஆளில்லேன்னா என்கிட்ட பேசு! பாவம், பிழைப்பு நடத்தற மனுஷன். அவர் நேரத்தைப் போய் கெடுத்துட்டிருக்கியே?"

"நீ பிஸியா இருப்பேன்னு..."

"போய் மன்னிப்புக் கேளு. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. அதுக்குள்ள இன்னொரு ஒயரைப் பிடுங்கிடுவே."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டான். பஸ்ஸில் வழி நெடுக ஒத்திகை பார்த்தான். 'ஒரு தப்பு பண்ணிட்டேங்க' என்று தொடங்குவதா, 'தப்பா நினைக்காதீங்க' என்று தொடங்குவதா? பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கடை ஷட்டர் இறக்கியிருந்தது. மேலே இருக்கும் பெயர்ப் பலகையைக் காணோம். பன்னெண்டு ஷட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். தன்னால்தான் மனிதர் நொந்து ஓடிவிட்டாரோ?

பக்கத்துச் செருப்புக் கடையில் ஒரு அம்மா ஜோடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் தோளில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தார்.

"நீங்கதானே அந்தப் பன்னெண்டு கம்பிக்காரர்? இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"அவருக்கு உடம்பு ஏதும்..."

"அவருக்கென்ன, ஜம்முனு இருக்காரு. லிஃப்ட் கம்பெனியில வேலை, கைநிறைய சம்பளம்."

"அப்ப இந்தக் கடை?"

"இது மூணு மாசமா என் குடோன் சார், சனிக்கிழமை மட்டும் என் செருப்புப் பெட்டியெல்லாம் பின்னாடி தள்ளிட்டு, பழைய போர்டை மாட்டி, நீங்க வர்ற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு."