தோற்பதென்று ஒரு சபதம்

இந்த வருடம் தோற்பது என்று ஜனவரி ஒன்றாம் தேதி சபதம் எடுத்தேன். ஊரில் மற்றவர்கள் அன்று சிகரெட்டை விட்டார்கள், வெண்ணெயை விட்டார்கள். நான் வெற்றியை விட்டேன்.

சிரிக்காதீர்கள். தானாகத் தோற்பது வேறு. அது எனக்குப் பிறவியிலேயே வரும். திட்டம் போட்டு, மாதம் ஒரு முறை, யாருக்கும் சந்தேகம் வராமல் தோற்பது வேறு. அதற்கு உழைக்க வேண்டும்.

ஓஹையோவின் இந்த மூலையில் எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பழைய மோட்டோகிராஸ் பைக்குகளைச் சேற்றிலும் மேட்டிலும் விரட்டிப் பந்தயம் விடும் சங்கம். பைக் 1974க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். பின்சக்கரம் நான்கு அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. டேப் வைத்து அளந்து பார்ப்பார்கள். புதுக் காலத்து பிரேக் கூடாது. எல்லாம் பழசாக இருக்க வேண்டும். புதிதாக இருக்கலாம் என்று அனுமதித்திருப்பது இரண்டே இரண்டு: தலைக்கவசமும் இடுப்பு எலும்பும். பல் டாக்டர் ஹாலிஸுக்கு இரண்டும் புதிது.

என் பைக் 1971இல் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. அந்த நாடு உடைந்துவிட்டது. பைக் உடையவில்லை.

ஓட்டுகிறவர்களில் மூன்று வகுப்பு உண்டு. கத்துக்குட்டி, நடுத்தரம், கெட்டிக்காரர். கத்துக்குட்டி வகுப்பில் மூன்று முறை முதலாவதாக வந்துவிட்டால் உங்களை நடுத்தரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். சம்மதம் கேட்க மாட்டார்கள். கெஞ்சினாலும் கீழே இறக்க மாட்டார்கள். நடுத்தரத்தில் இருப்பவர்கள் முப்பது வயதுப் பிசாசுகள். மேட்டில் ஏறினால் பைக்கோடு பறக்கிறார்கள். நானும் பறந்திருக்கிறேன். பைக் தரையிலேயே இருந்தது.

பதினொரு வருடத்தில் நான் இரண்டு முறை ஜெயித்திருக்கிறேன். ஒன்று, மற்ற எல்லோரும் ஒரே குழியில் விழுந்த அன்று. இன்னொன்று, மற்ற எல்லோரும் வழி தவறிச் சோளக்காட்டுக்குள் போய்விட்ட அன்று. மூன்றாவது வெற்றியை நான் அக்டோபருக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். ஏனென்றால் அக்டோபர் கடைசிப் பந்தயத்தில்தான் கத்துக்குட்டிகளுக்குக் கோப்பை உண்டு. வால்நட் கட்டையில் ஒரு பழைய பிஸ்டனைப் பதித்து வைத்திருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். அதை நினைத்துத்தான் சோள ஆலையில் இரவு வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க பெல்ட்டில் சோளம் போவதைப் பார்த்துவிட்டு, பகல் முழுக்கத் தூங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சூரியன்.

கோப்பை வேண்டும் என்று ஆசை மட்டுமல்ல, அவசியமும் வந்துவிட்டது. காரணம் என் மனைவி ஆர்டித். புது வருடத்தன்று காலை, முட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டாய்ல், அந்த பைக் எத்தனை நாளா என் சாப்பாட்டு அறையில நிக்குது?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"சாப்பாட்டு மேசை எங்க இருக்கு?"

"உங்க அண்ணன் வீட்டு வைக்கோல் கொட்டகையில. பத்திரமாத்தான் இருக்கு."

"கோழி முட்டை வைக்குது அதுமேல. வர்ற நவம்பர் வான்கோழி விருந்துக்கு என் தங்கச்சி வெர்னா குடும்பத்தோட வர்றா. பதினாலு பேரு. அவங்கள எங்க உக்கார வைக்கட்டும்? பெட்ரோல் டேங்க் மேலயா?"

"கொட்டகையில விட்டா பனி ஒழுகும் ஆர்டித். எழுபத்தொண்ணுல பொறந்த உடம்பு. ஈரம் தாங்காது."

"நீயும் எழுபத்தொண்ணுலதான் பொறந்தே. பனியில நின்னு நீ வாசல்ல பாதை வெட்டறப்போ இந்தக் கரிசனம் எங்க போச்சு?"

என் உடம்பைப் பற்றி நானே கவலைப்பட்டதில்லை. அவள் முட்டைக் கரண்டியை நீட்டினாள்.

"கடைசியாச் சொல்றேன். அக்டோபர் கோப்பை இந்த வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வந்தா பைக் வீட்டுல இருக்கட்டும். வரலேன்னா பைக்கை வித்துட்டு மேசையக் கொண்டு வர்றோம். சம்மதமா?"

சம்மதித்தேன். அந்த நிமிஷமே சபதமும் எடுத்தேன். அக்டோபர் வரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்கக் கூடாது. தவறி ஜெயித்தால் நடுத்தரம். நடுத்தரம் போனால் கோப்பை போச்சு. கோப்பை போனால் செக்கோஸ்லோவாக்கியா இரண்டாம் முறை என் கண்ணெதிரே மறையும்.

இதில் ஒரே ஆபத்து ஆர்டித் பந்தயம் பார்க்க வருவது. நான் பிரேக் பிடிப்பது அவள் கண்ணில் பட்டால் கணக்கைப் புரிந்துகொள்வாள். அதனால் சங்கத் தலைவர் பர்டெட்டிடம் போனேன். "சுற்று எண்ண ஆள் இல்லேன்னு புலம்புறியே, என் பெஞ்சாதிய உக்கார வை. அவ கண்ணு தப்பி ஒரு ஈ பறக்காது" என்றேன். சுற்று எண்ணுகிறவர் கோட்டருகே கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கடந்து போகும் எண்களைக் குறிக்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் நடப்பது அங்கிருந்து தெரியாது. என் தோல்விகளையெல்லாம் மேட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். அன்றைக்கு என் மூளையை நானே முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு தப்பு செய்தேன். சங்கத்தின் விதிப்புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். எண்பத்து நாலு பக்கம். சலவைக் கடையில் துணி சுற்றி முடிவதற்குள் படித்துவிட்டாள்.

ஏப்ரலில் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஐந்தாவது. ஜூனில் தலைக்கவசத்துக்குள் ஒரு வண்டு புகுந்தது. வண்டு கற்பனை, நான் போட்ட ஆட்டம் நிஜம். நான்காவது. இடையில் மே மாதம், மேட்டுக்குப் பின்னால் பாதிரியார் லிண்டெல் விழுந்து கிடந்தார். தோற்க நல்ல சாக்கு கிடைத்தது என்று பைக்கை நிறுத்திக் கை கொடுத்தேன்.

"எழுந்திருங்க பாதிரியாரே."

"நீங்க போங்க டாய்ல். எனக்கு இங்க நல்லா இருக்கு."

"அடி பட்டிருக்கா?"

"இல்ல. சும்மா வானத்தப் பாக்கறேன்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வயதானவர், வானம் பார்க்கிறார், தொழில் அப்படி என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் வந்தது. இதில் மட்டும் தோற்றுவிட்டால் அடுத்தது கோப்பைதான். வகுப்பில் மிஞ்சியது ஐந்து கத்துக்குட்டிகள். நான், ஹாலிஸ், பாதிரியார், பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர். குறுக்கே கட்டிய ரப்பர் பட்டை பளீரென்று விடுபட்டதும் கிளம்பினோம். கிளம்பினோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. எங்களைத் தாண்டி ஒரு நாய் நடந்து போனது.

நான்கு சுற்றுப் பந்தயம். மூன்றாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் நான் நிம்மதியாக ஐந்தாவது வந்துகொண்டிருந்தேன். கோட்டருகே ஆர்டித் நின்றிருந்தாள். கையில் பலகை. ஓட்டுகிறவனுக்குச் சேதி சொல்ல இப்படிப் பலகையில் எழுதிக் காட்டுவது எங்கள் வழக்கம். சாதாரணமாக 'இன்னும் ஒரு சுற்று' என்று எழுதியிருக்கும். இதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'உன் பைக்கை வாங்க ஆள் வந்திருக்கு'.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அக்டோபர் இன்னும் வரவில்லையே! முறுக்கினேன். நால்வரையும் தாண்டி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, கோட்டைக் கடந்து அவள் பக்கத்தில் சறுக்கி நின்றேன்.

"யாரு? எவன் அவன்?"

"அடுத்த சுத்துல சொல்றேன், போ! நடுப்பாதையில நிக்கக் கூடாது. விதி முப்பத்தொண்ணு."

போனேன். பாதித் தூரம் போன பிறகுதான் சபதம் ஞாபகம் வந்தது. ஐயையோ, முதலாவதாகப் போய்க்கொண்டிருக்கிறேன்! பரவாயில்லை, முடிகிற இடத்தில் முந்த விட்டால் போதும். கோட்டுக்கு ஆறு அடி முன்னால் பிரேக் பிடித்து நின்று, குனிந்து சங்கிலியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

ஹாலிஸ் வந்தார். என் பக்கத்தில் நின்றார். அவரும் குனிந்து சங்கிலியைப் பார்த்தார்.

பாதிரியார் வந்தார். நின்றார். வானத்தைப் பார்த்தார்.

பண்ணைக்காரரும் பேருந்துக்காரரும் வந்தார்கள். நின்றார்கள். ஐந்து பைக்கும் ஒரே வரிசையில் புகை விட்டுக்கொண்டிருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் பர்டெட், பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டம் போட்ட கொடியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"போங்க டாக்டர்" என்றேன்.

"நீ போ டாய்ல். முதல்ல வந்தவன் நீதானே."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படிப் போறது? பாதிரியாரே, நீங்க?"

"கடைசியில் இருப்பவர்கள் முதல்வர்களாவார்கள்னு வேதத்துலயே இருக்குப்பா. அவசரம் என்ன?"

"டாக்டர், உங்களுக்கு ஏற்கெனவே எத்தனை வெற்றி?"

ஹாலிஸ் இருமினார். "ரெண்டு."

"பாதிரியாரே?"

"ரெண்டு. கர்த்தருக்குத் தெரியும்."

பண்ணைக்காரருக்கும் இரண்டு. பேருந்துக்காரருக்கும் இரண்டு. ஒன்பது மாதமாக ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே கோப்பைக்காகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தந்த மாதம் மூட்டு வலியால் பிரேக் பிடிக்கத் தவறி ஜெயித்தவர்கள் எல்லாம் நடுத்தரத்துக்குப் போய்விட்டார்கள்.

"அடப் பாவிங்களா, என் கை மரத்துப் போச்சு! யாராவது ஒருத்தன் வந்து தொலைங்களேன்" என்று பர்டெட் கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் கூடாரத்திலிருந்து ஆர்டித் இறங்கி வந்தாள். ஒரு கையில் விதிப்புத்தகம். இன்னொரு கையில் சிவப்புக் கொடி. நிதானமாக எங்கள் முன்னால் வந்து அதை ஆட்டினாள்.

"பாதை அடைபட்டிருக்கு. பந்தயம் நிறுத்தம்" என்றாள்.

"எது அடைச்சிருக்கு?" என்றார் ஹாலிஸ்.

"அஞ்சு முட்டாள்கள். விதி நாப்பத்தாறு. சிவப்புக் கொடி விழுந்தா, கடைசியா முடிஞ்ச சுத்துல யார் முதல்ல கோட்டைத் தாண்டினாங்களோ அவங்களுக்குத்தான் வெற்றி." நோட்டைப் பிரித்தாள். "மூணாவது சுத்து. முதல்ல தாண்டினது எண் முப்பத்தெட்டு. டாய்ல். வாழ்த்துகள்."

நால்வரும் கை தட்டினார்கள். அவ்வளவு மனமார்ந்த கைதட்டலை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. பாதிரியார் என்னைக் கட்டிப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்.

"பைக் வாங்க வந்த ஆள் எங்க?" என்றேன்.

"பன்னு வாங்கப் போயிருக்கான்" என்றாள். "இன்னும் வரல."

அவன் இன்றுவரை வரவில்லை.

நான் நடுத்தரமானேன். அக்டோபர் கோப்பைக்கு என் பெயர் சேர்க்க முடியாது. மூன்று வாரம் ஆலையில் சோளத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கியது. ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தால் பைக் பளபளவென்று துடைத்து நிற்கிறது. விற்கத் தயார் செய்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை சுத்து எண்ண ஆள் வேணும்" என்றாள். "நீ வந்து உக்காரு."

"நீதானே எண்ணுவே?"

"நான் ஓட்டறேன். விதி ஒன்பது. வகுப்பு ஓட்டறவங்களுக்குத்தான், பைக்குக்கு இல்ல. புதுசா வர்றவங்க கத்துக்குட்டி."

"ஆர்டித், உனக்கு ஓட்டத் தெரியாது!"

"எங்கப்பா பண்ணையில பதினாறு வயசு வரைக்கும் டிராக்டர் ஓட்டினேன். ஒண்ணாவது கியர் தெரியும். அது போதும்."

அது போதவில்லை என்று சொல்லத்தான் ஆசை. நடந்ததைச் சொல்கிறேன். நான்கு சுற்றும் அவள் ஒன்றாவது கியரில், முதுகை நிமிர்த்தி, வயல் உழுகிற வேகத்தில் கடைசியாக வந்தாள். முன்னால் நால்வரும் உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். ஹாலிஸின் இரண்டு இடுப்பும் கிறீச்சிட்டன. கடைசித் திருப்பம், கடைசி நேர் பாதை. எதிரே கட்டம் போட்ட கொடி. அதைப் பார்த்ததும், ஒன்பது மாதப் பழக்கம், நால்வர் காலும் தாமாகவே பிரேக்கை மிதித்தன. முன்னே நின்றவரைப் பின்னே வந்தவர் இடித்து, நால்வரும் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் ஒரு குவியலாகச் சரிந்தார்கள். ஆர்டித்துக்குத் தோற்றுப் பழக்கமில்லை. குவியலைச் சுற்றிக்கொண்டு, போகிற போக்கில் பாதிரியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டினாள்.

முதலாவது என்று நானே என் கையால் எழுதினேன்.

அன்று மாலை கோப்பை வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. எனக்கு அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

"பேச்சுன்னா பேச்சு ஆர்டித். கோப்பை வந்துடுச்சு. பைக் இங்கயே இருக்கட்டும்."

"வீட்டுல இருக்கட்டும்னு சொன்னேன். சாப்பாட்டு அறையிலன்னு சொன்னேனா?"

மறுநாள் அவள் அண்ணன் மேசையைக் கொண்டு வந்து இறக்கினான். ஒரு காலில் கோழி இறகு ஒட்டியிருந்தது. பைக்கைப் படுக்கையறைக்குத் தள்ளினாள். நான் படுக்கும் கட்டில் இருந்த இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது. கட்டிலைக் காணோம்.

"இதை வீட்டுக்கு அடியில இருக்கற அறையில வச்சிருக்கலாமே ஆர்டித்? நான் எங்க படுக்கறது?"

"அந்தப் படியில பைக் இறங்காது" என்றாள். "நீ இறங்குவே."