மீசை போன விபரமும் அப்பாவைக் காட்டும்படியான வேண்டுகோளும்

முருகன் துணை

நீர்வேலி,
வெள்ளிக்கிழமை காலை.

பாசத்துக்கும் மதிப்புக்கும் உரிய பிரகலாதன் அண்ணை அவர்களுக்கு, தம்பி சுபாஸ்கரன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உதயகலாவும் மகள் கஜந்தினியும் கந்தன் கருணையால் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதற்கு அவனையே வேண்டுகிறேன். உங்களோடு இருக்கிற அப்பாவும் சுகம் என்று நம்புவதாக வழக்கம்போல எழுத வந்த பேனையை நிறுத்திவிட்டேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் மழுப்புவீர்கள், நான் கத்துவேன், இரண்டு பேரும் விஷயத்தை விட்டுவிட்டு வெயில் மழை கதைத்துவிட்டு வைப்போம். ஆகவே ஆற அமர எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்தால் வாசித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு "தம்பி, லைன் கிளியர் இல்லை, ஒண்டும் விளங்கேல்லை" என்று சொல்ல ஏலாது.

போன ஞாயிறு, நல்லூர்த் திருவிழாவுக்கு மொன்றியலில் இருந்து வந்து நிற்கும் எங்கள் சித்தப்பாவின் மகள் ஜெயகௌரி வீட்டுக்கு வந்தாள். நீங்கள் தபாலில் தன்னிடம் அனுப்பிவைத்ததாக ஒரு பொதியைத் தந்தாள். உள்ளே அந்தக் காலத்து இரும்பு றேசர் ஒன்று, ஐந்து பிளேட் உள்ள பெட்டி ஒன்று, உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டு: "சலூன் செலவு மிச்சம். அப்பா தரச் சொன்னவர்." அண்ணை, முப்பது வருஷத்தில் நான் கேட்டதையே நீங்கள் பாதிதான் அனுப்பியிருக்கிறீர்கள், கேட்காததை ஒருநாளும் அனுப்பியதில்லை. நான் வாழைக்குலை வியாபாரி. சும்மா வருகிற சாமானை முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். கவிழ்த்துப் பார்த்தேன். பிடியின் புரிக்குள் காய்ந்த சவுக்காரம் இருந்தது. பாவிச்ச சாமான். ஆர் பாவிச்சது? அப்போது நான் கேட்கவில்லை. மிச்சம் என்ற சொல் என் கண்ணை மறைத்துவிட்டது.

ஏனென்றால் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் சலூனுக்குப் போகிறேன். அங்கே காத்திருக்கிற நேரத்தில் வேறு ஆரோ தோட்டத்துக்குப் போய்க் குலையை விலைபேசிவிடுகிறான். இதுவென்றால் பிடி ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் நிற்கும், பிளேட் ஒன்றின் விலைக்கு ஒரு பிளேன்ரீ கூடக் குடிக்க ஏலாது, ஒரு பிளேட்டில் ஐந்து தரம் எடுக்கலாம். உங்கள் சின்னவன் யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டுகிற வீடியோவும் அனுப்பி, தன் குரலிலும் சொல்லி அனுப்பினான்: "சித்தப்பா, அழுத்தக்கூடாது, றேசரின்ரை பாரமே காணும். தாடி வளருற பக்கத்துக்கு மட்டும் இழுக்கவேணும். சுடுதண்ணி, நல்ல பிரஷ், நல்ல நுரை." நல்ல பிள்ளை. நான் திருப்பி, அப்பாவைப் பற்றி, "அப்பப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்டேன். வாய்க்குச் சிப் போட்டு மூடிய மஞ்சள் பொம்மைப் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை தொடங்கினேன். சுடுதண்ணி வைத்தேன், அதில் செலவில்லை. நுரைக்குக் குளிக்கிற வேப்பெண்ணெய்ச் சவுக்காரம். சேவ் பிரஷ் விலையைக் கேட்டுவிட்டு, என் கடையில் கிடந்த ஒரு அங்குலப் பெயின்ற் பிரஷை எடுத்தேன், புதுசுதான், ஒருவரும் பெயின்ற் அடிக்காதது. அது மயிர் கொட்டுகிற பிரஷ் என்று முகத்தில் பூசின பிறகுதான் தெரியும், எது என் தாடி எது பிரஷின் தாடி என்று பிடிபடவில்லை. றேசர் மூன்று துண்டாகக் கழன்றது. பூட்டும்போது நடுத்தட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் போல. பிளேட் இருபக்கமும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது, அதுதான் அதன் சுபாவம் என்று நினைத்தேன். அழுத்தாதே என்று பெடியன் சொன்னவன், ஆனால் அண்ணை, முப்பது வருஷம் குலைக்காம்பு வெட்டின கை, அதற்கு மெல்ல என்றால் விளங்காது. கன்னத்தில் மூன்று இடம், நாடியில் ஒன்று. படிகாரக்கல் தடவினேன், நட்சத்திரம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே வந்தபோது போன் வீடியோவை நிறுத்திவிட்டு விளம்பரம் போட்டது. அதைத் தள்ள இடது கையை நீட்டினேன். வலது கை தன்பாட்டில் இறங்கிவிட்டது. மீசையின் வலது நுனி கோப்பைத் தண்ணீருக்குள் மிதந்தது.

நுனிதானே என்று இடது பக்கத்தைச் சரிப்படுத்தினேன். இடது குறைந்துபோய்விட்டது. வலதைக் குறைத்தேன். தராசுத் தட்டு இரண்டையும் நேராக்கத்தான் பார்த்தேன், கடைசியில் இரண்டு தட்டிலும் ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருஷ மீசை.

கனடாவில் முப்பது வருஷம் இருந்து நீங்கள் மறந்திருப்பீர்கள், ஆனபடியால் ஞாபகப்படுத்துகிறேன். இங்கே இருபது வயதுப் பெடியன் மீசையை எடுத்தால் ஸ்ரைல். ஐம்பத்தாறு வயதுக்காரன் எடுத்தால் ஒரே ஒரு அர்த்தம், பெத்தவருக்குக் கொள்ளி வைத்தவன். குசினியில் இருந்து வந்த உதயகலா என்னைப் பார்த்தாள். தோளில் துவாய், கையில் போன், கண்ணில் தண்ணீர், அது சவுக்காரத் தண்ணீர், மேலுதட்டில் வெளிச்சம். ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஐயோ மாமா! என்ரை மாமா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய குரலை உங்களுக்குத் தெரியும், கோப்பாய்ச் சந்திவரை கேட்டிருக்கும். நான் வாயில் நுரையோடு, "இல்லையப்பா, நான் சேவ் எடுத்தனான்" என்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எட்டுப் பேர் வந்தாயிற்று. பக்கத்து வீட்டு மீனாம்பிகை அக்கா என் தலையைத் தடவி, "அழு தம்பி, அழுதாத்தான் ஆறும்" என்கிறா. "அக்கா, ஒருத்தரும் சாகேல்லை!" என்று கத்தினேன். அவ மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "பாவம், ஏற்றுக்கொள்ள ஏலாமல் கிடக்கு" என்றா.

பத்து மணிக்கு வர்த்தகர் சங்க வட்ஸ்அப் குழுவில் அப்பாவின் படம் வந்துவிட்டது, கஜந்தினி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் எடுத்தது, வேட்டி சால்வையோடு. அச்சுக்கூடத்துக்காரர் போன் எடுத்து, கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு எத்தனை கொப்பி என்று கேட்டார். கொழும்புத்துறையில் இருந்து என் கூட்டாளி கொலின்ஸ் மோட்டார்ச் சைக்கிளில் வந்தான். வழக்கமாக மீனோடு வருகிறவன் அன்று வெறுங்கை. "அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுத்தான் வாறன் மச்சான். எப்ப மோசம் போனவர்?"

"போகேல்லையடா. உயிரோடை இருக்கிறார்."

"கடைசியா எப்ப கதைச்சனி?"

அண்ணை, அந்த இடத்தில்தான் நான் விரலை மடக்கத் தொடங்கினேன். யோசித்துப் பார்த்தேன். ஐந்து கிழமை. ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து குலை என்ன விலை போகிறது என்று விசாரிக்கிற மனுசன் ஐந்து கிழமையாக இல்லை. ஒருநாள் "அப்பா குளிக்கிறார்" என்றீர்கள். மற்றநாள் "அப்பா படுத்திட்டார்" என்றீர்கள், அப்போது உங்கள் ஊரில் பகல் பதினொரு மணி. பிறகு "அவருக்கு இப்ப கதைக்க விருப்பமில்லையாம்" என்றீர்கள். விலை கேட்க விருப்பமில்லாத அப்பாவை எனக்குத் தெரியாது.

உடனே ஜெயகௌரியிடம் ஓடினேன். "பெரியப்பாவோ? சுகமாய்த்தான் இருப்பார்" என்றாள். இருப்பார்! இருக்கிறார் இல்லை, இருப்பார். தோட்டக்காரன் என்னிடம் "குலை முத்தியிருக்கும்" என்றால் நான் ஒரு சதம் கொடுக்கமாட்டேன், "முத்தியிருக்கு" என்றால்தான் கத்தியை எடுப்பேன். வீட்டுக்கு வந்து உங்கள் துண்டைத் திரும்ப வாசித்தேன். "அப்பா தரச் சொன்னவர்." எப்போது சொன்னவர்? எந்த நிலைமையில் சொன்னவர்? பாவித்த சாமானைப் பிள்ளைகளுக்குப் பங்குபோடுகிறது எந்தச் சந்தர்ப்பத்தில் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் சவரம் எடுக்கிற சாமான். சொல்ல மனமில்லாமல், மீசையை எடு தம்பி என்று பொருளாக அனுப்பியிருக்கிறீர்களோ? நான் விளங்காமலே எடுத்துவிட்டேனோ? இரவு முழுக்க அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் மறைத்திருப்பேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆவணியில் கஜந்தினியின் கலியாணம். செத்தவீடு என்று வெளியில் வந்தால் ஆட்டைத் திவசம் முடியும்வரை ஒரு வருஷத்துக்கு மேளம் கேட்கக்கூடாது. மாப்பிள்ளை பிரணவன் மெல்பேணில் இருந்து லீவு எடுத்து வருகிறவன், அடுத்த வருஷம் அவன் வருவானோ, மனம் மாறுவானோ, ஆர் கண்டது. இதையெல்லாம் யோசித்துத்தான் நீங்கள் வாயை மூடியிருப்பீர்கள். ஆனால் மூடியது பலிக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் நல்லூரில் இருந்து சம்பந்தியும் பெண்சாதியும் காரில் வந்து படலைக்கு வெளியிலேயே நின்றார்கள். உள்ளே வாருங்கோ என்றேன், வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், தொடவில்லை. செத்தவீட்டுத் துடக்கு என்று நினைத்துத்தான் என்று பிறகு விளங்கியது.

"குறை நினைக்காதேங்கோ. பிரேதத்தைக் குளிரிலை வைச்சுக்கொண்டு கலியாணம் செய்யிற ஆக்கள் இருக்கினம் எண்டு கேள்விப்படுறம்" என்றார் சம்பந்தி.

"நான் அப்பிடி ஆள் இல்லை. இது கை தவறினது. றேசர் புதுசு."

"ஐம்பத்தாறு வயதிலையோ சேவ் எடுக்கப் பழகுறீங்கள்?"

இதற்கு என்ன பதில் சொல்வது அண்ணை? சலூன் காசு மிச்சம் பிடிக்க என்று பெண் எடுக்கிற வீட்டாரிடம் சொல்ல ஏலுமா? அவருடைய பெண்சாதி என் மேலுதட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. போகும்போது அவர் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஐயாவை வீடியோவிலை காட்டுங்கோ. காட்டினால் தாலிக்குப் பொன்னுருக்கல், இல்லாட்டி ஆட்டை முடியக் கதைப்பம்." கஜந்தினி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இரவு வந்து, "அப்பா, கலியாணம் கிடக்கட்டும், அப்பப்பா இருக்கிறாரோ எண்டு முதல் கேளுங்கோ" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணை, அப்பா இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். கலியாணம் போனால் போகட்டும், அழவேண்டிய ஆளை அழாமல் நான் எப்படிக் கடையைத் திறந்து வியாபாரம் பார்க்கிறது? பழைய வீடியோவைப் போட்டு ஏமாற்ற நினைக்கவேண்டாம். அவர் இன்றைய குலை விலையைத் தன் வாயால் கேட்கவேண்டும், அப்போதுதான் நம்புவேன். அந்த றேசரைக் கடுதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டிருக்கிறேன், இனி என் முகத்தில் படாது. பிளேட் அனுப்பவேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகள் எல்லாரையும் நல்லூரான் காத்து நிற்கட்டும். அப்பா இருக்கிறார் என்றால் அவர் காலடிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நித்திரை இல்லாத தம்பி,
சீ. சுபாஸ்கரன்

பி.கு: மேலே உள்ளதை அனுப்பி, நீலக் கோடு விழுந்து ஆறு நிமிஷத்தில் அப்பா வீடியோவில் வந்துவிட்டார். ஆகவே எழுதியதெல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன், மன்னிக்கவும். ஆனால் இந்தக் கோடையில் மனுசன் மூக்குவரைக்கும் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார். "அதைக் கழட்டுங்கோ, நீங்கள்தானோ எண்டு நான் பார்க்கவேணும்" என்றேன். "குலை என்னடா விலை, அதை முதல் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மை அழுகை. பிறகுதான் கழற்றினார். மீசை இல்லை. அவரும் அதே றேசரில், அதே மூக்குக்குக் கீழே! "ஒரு பக்கம்தான் திரும்ப முளைச்சது, அதையும் எடுத்துப்போட்டன். உந்தச் சனியன் என்ரை கண்ணிலை படக்கூடாது, அவனுக்கு அனுப்பு எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். வெட்கத்தில்தான் ஐந்து கிழமையும் முகம் காட்டவில்லையாம். நானும் உதயகலாவும் கஜந்தினியும் சிரித்த சிரிப்புக்கு மீனாம்பிகை அக்கா வேலியால் எட்டிப்பார்த்து, எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பா. லைனை வெட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டு நல்லூருக்கு ஓட்டோவில் ஓடிப்போய்ச் சம்பந்தியின் கையில் கொடுத்தேன். அப்பா நல்லாய்க் கதைத்தார், ஆசீர்வாதம் சொன்னார். சம்பந்தியும் கைகூப்பிச் சிரித்தார். சிரித்தவர் போனைக் கிட்டப் பிடித்து ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, பெண்சாதியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என் காதுக்குள் கேட்டார்: "தகப்பனும் எடுத்திருக்கிறார், நீங்களும் எடுத்திருக்கிறீங்கள். உங்களுக்குக் கனடாவிலை ஒரு தமையன் எல்லோ இருந்தவர்?"

ஆனபடியால் அண்ணை, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நீங்கள் மீசையோடு வீடியோவில் வரவேண்டும். வரமுன் முகத்தைக் கழுவினால் காணும். வேறொன்றும் செய்யவேண்டாம்.