ஆதியிலிருந்து தேடும் அறிவுமதி

ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மணி என்ன என்று கேட்டால், கைக்கடிகாரம் வாங்கக் கிளம்பிய கதையில் தொடங்குவார்கள். உங்கள் பேருந்து போய்விட்டிருக்கும். அவர்கள் இன்னும் கடைக்குள்கூட நுழைந்திருக்க மாட்டார்கள்.

நெல்லித்தோப்பு அறிவுமதி இந்த இனத்தில் சொக்கத்தங்கம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் ஆலைக்காக, இயந்திரம் நின்றால் காரணம் சொல்லும் மென்பொருள் எழுதினார். பழைய பழுதுகளைத் தகவல்களாக உள்ளே கொட்டி, மேலே சில விதிகளை வைத்தால், அதுவே யோசித்து விடை சொல்லும். கொட்டினார், லட்சக்கணக்கில் கொட்டினார், ஒவ்வொன்றையும் தேதியில் தொடங்கிக் கொட்டினார். நடந்த வரிசையை மாற்றலாமா? பாவமில்லையா?

"சார், கேள்வி மெஷின் பேர்லதான வருது? பேரை முதல்ல வெச்சா நேரா அங்க போயிடும். தேதி முதல்ல இருந்தா மொத்தத்தையும் மேய்ஞ்சிட்டுத்தான் வரும்" என்றாள், உடன் வேலை செய்யும் கவிநிலா.

"எல்லாத்துக்கும் ஒரு ஆரம்பம்னு இருக்குல்லம்மா?"

முதலாளி ராஜாம்பாள் பார்வையிட வந்த அன்றே, அடுப்புக்குள் ஓடும் பெல்ட் நின்றது. மென்பொருள் தேறினால் ஆலை முழுக்க அதுதான். தவறினால் அறிவுமதியின் ஒரு வருட உழைப்பு குப்பைக்கு. கேள்வியைத் தட்டினார். 'தேடுகிறேன்' என்றது திரை. தேடியது. அடுப்பிலிருந்து புகை வந்தது. விடை வரவில்லை.

"இன்னா தம்பி, உங்க கம்ப்யூட்டர் இப்பதான் அடுப்பு வாங்கவே போயிருக்குதா?" என்று கேட்டார் ராஜாம்பாள்.

கடைசியில் வந்தது: 'செயின் தளர்ந்திருக்கிறது.' விடை சரிதான். பிஸ்கட்தான் கரி.

"சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் எடுத்துக்கினு போயிடுங்க" என்றார் ராஜாம்பாள்.

அறிவுமதி பெருமூச்சு விட்டு நாற்காலியைக் கவிநிலாவிடம் கொடுத்தார். அவள் எல்லாத் தகவலிலும் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, இயந்திரத்தின் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தாள். மாலையில் அதே கேள்வி. விரல் எடுப்பதற்குள் விடை.

ராஜாம்பாள் முகம் மலர்ந்தது. "அட! இன்னா பண்ணீங்க?"

"அது வந்து மேடம், நான் காலேஜ் சேர்ந்தப்போ…"

ராஜாம்பாளின் கை கார் சாவியைத் தேடியது.

"பேரை முதல்ல வெச்சோம் மேடம்" என்றாள் கவிநிலா.

"அவ்ளோதானா? சரி, எல்லா மெஷினுக்கும் போட்டுடுங்க."

மென்பொருள் பிழைத்தது. ஆனாலும் கல்லூரி வாசலிலேயே தன்னை நிறுத்திவிட்டார்களே என்று அறிவுமதிக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று வீட்டில் "சாவி எங்கே?" என்று கேட்டார்களே, நீங்கள் முதலில் சொன்னது என்ன? ஆணியில் என்றா, "அது வந்து" என்றா?