உபயம்: தாமல் ஆதிகேசவன்

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்கு அடுத்தபடியாக அதிக இடங்களில் எழுந்தருளியிருந்தது கட்சித் தலைவர் தாமல் ஆதிகேசவனின் திருநாமம்தான். கோயில் மண்டபத்துக் குழல் விளக்குகளில் 'உபயம்: தாமல் ஆதிகேசவன்'. எழுத்து போக மிச்சமிருந்த இடத்தில் வெளிச்சமும் வந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவர் தந்த எனாமல் பேஸின்களின் உட்புறத்திலும் அதே வாசகம். வாந்தியெடுக்கக் குனிந்த கர்ப்பிணிகளும் தலைவரைத் தரிசித்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஓர் இடத்தில்தான் தன் பெயரைத் தர மறுத்தார். 1968-இல் 'ஒழுக்க மாநாட்டு'க்காக மதராஸில் நான்கு நாள் தங்கித் திரும்பியவருக்கு, மறுவாரம் சிறுநீர் நெருப்பாய் எரிந்தது, சீழும் வந்தது. ஊர்க்காரர் கண்ணில் படாமல் வேலூருக்கு பஸ் ஏறினார்.

"பேரு இன்னா?" என்றார் டாக்டர்.

"பழனி," என்றார் ஆதிகேசவன்.

"இது வெட்டை நோய். பென்சிலின் ஊசில போயிடும். வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வாப்பா, அவங்களுக்கும் போடணும்."

"அவ ஏழு மாசங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லையே."

"பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாது. அப்படியே வுட்டா, பொறக்கிற கொழந்தைக்குக் கண்ணு போயிடும்."

தலைவர் தீர யோசித்தார். மனைவி ரேணுகாம்பாளுக்கு ஊசி போடுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். கண்ணுக்கு என்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கௌரவம் போனால் வருமா? தான் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வந்து, "பஸ் சீட்டுச் சூடு ஏறிக்கிச்சுமா," என்றார். அவள் பாவம், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

ஆண் குழந்தை பிறந்தது. நர்ஸ் வடிவாம்பாள் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கையில் ஒரு சின்னக் குப்பி.

"இன்னாமா அது?"

"வெள்ளி மருந்துங்க. பொறக்கிற எல்லாக் கொழந்தைக்கும் கண்ணுல ஒரு சொட்டு வுடுவோம். ஆத்தா வயித்துலருந்து கெட்ட சீக்கு ஒட்டிக்கினு வந்திருந்தா போயிடும்."

தலைவரின் குலப்பெருமை கொதித்து எழுந்தது. "என் வூட்டுக் கொழந்தைக்குக் கெட்ட சீக்கா? ஒரு சொட்டு வுழுந்துது, உன்ன ராமநாதபுரத்துக்கு மாத்திடுவேன்!"

வடிவாம்பாள் குப்பியை மூடினாள்.

மூன்றாம் நாள் குழந்தையின் இமைகள் நெல்லிக்காயாக வீங்கின. பிரித்தால் மஞ்சள் சீழ்.

"உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும். கேஸ் சீட்டுல நோய் பேரும் அப்பா பேரும் எழுதணுங்க," என்றாள் வடிவாம்பாள்.

"இது கண் திருஷ்டி," என்று தீர்ப்பளித்துவிட்டுத் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போனார் ஆதிகேசவன். அவர் உத்தரவுப்படி தாய்ப்பால் விட்டார்கள், நந்தியாவட்டைப் பூ வைத்தார்கள். அம்மனுக்குப் பத்துத் தோலா எடையில் வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டார். ஒரு சொட்டு வெள்ளி வேண்டாம் என்றவர் பத்துத் தோலா கொடுக்க முன்வந்தாரே, அதுவல்லவோ தாராளம்!

ஐந்தாம் நாள், அவர் கூட்டத்தில் பேசப் போன சமயம், ரேணுகாம்பாள் பச்சை உடம்போடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வடிவாம்பாள் தாய்க்கும் பிள்ளைக்கும் ஊசி போட வைத்து, மணிக்கொரு தரம் கண்ணைக் கழுவிப் பென்சிலின் சொட்டு விட்டாள்.

"எப்படிமா வந்துது இது?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

"அவருகிட்டருந்து உனக்கு, உன்கிட்டருந்து கொழந்தைக்கு. வேற வழியில வராதும்மா."

ரேணுகாம்பாளுக்குப் பஸ் சீட்டு ஞாபகம் வந்தது. குழந்தையின் வலக்கண் பிழைத்தது. இடக்கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது.

மூன்றாம் மாதம் நாகஸ்வரம் முழங்க, ஊர்ப் பெரியவர்கள் புடைசூழ, நேர்த்திக்கடன். தாம்பாளத்தில் இரண்டு வெள்ளிக் கண்கள். ஒவ்வொன்றின் நடுவிலும், பாவை இருக்க வேண்டிய இடத்தில், 'உபயம்: தாமல் ஆதிகேசவன்'.

"பேரு எப்படி எடுப்பா வந்திருக்குது, பாத்தியா?" என்று மனைவியிடம் பூரித்தார் தலைவர்.

ரேணுகாம்பாள் குழந்தையின் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"வெள்ளிக் கண்ணுல நல்லாவே வந்திருக்குதுங்க. புள்ளையோட இந்தக் கண்ணுலதான் எழுத மறந்துட்டீங்க. இதுவும் உங்க உபயந்தானே?"