செயலாளரின் ரகசியக் குறிப்புகள்

"அத்தான், நம்ம வெப் சர்வர்ல ஒரு ஓட்டையாம்!"

மைத்துனன் போனில் இப்படிச் சொன்னபோது குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது.

"ஓட்டைன்னா?"

"புகார்ப் பக்கத்த பாஸ்வேர்ட் போட்டு நீங்க மட்டும் பாக்குற மாதிரி வச்சோம்ல? அந்தப் பக்கத்து முகவரிய இங்கிலீஷ் பெரிய எழுத்துல அடிச்சா எதுவும் கேக்காம திறந்துக்குதாம். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனே இன்னைக்கு அறிவிச்சிருக்கான்."

செயலாளர் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். நாற்பது வீட்டுப் புகார்களும் சந்தி சிரிக்கட்டும், அதில் அவருக்கு நஷ்டமில்லை. ஒவ்வொரு புகாருக்கும் கீழே, யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள்தான் வெளியே வரக் கூடாது.

மேல் வீட்டில் இரவெல்லாம் நாற்காலி இழுக்கிறார்கள் என்பது வக்கீலின் புகார். அதன் கீழே, 'இவர் குறட்டைக்குப் பயந்து அவர்கள் அறை அறையாக ஓடுகிறார்கள்' என்று எழுதியிருந்தார். பல் டாக்டரம்மாவின் பதினேழாவது புகாருக்குக் கீழே, 'ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவர் தன் வாயைக் கொஞ்சம் மூடலாம்.'

"உடனே அடைச்சுடு மாப்ளே!"

மைத்துனன் அடைத்தான். பாஸ்வேர்ட் பூட்டு இடம் மாறி, சங்க இணையதளத்தின் முகப்புப் பக்கத்தில் விழுந்தது. தண்ணீர் வரும் நேரம் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் தளம் பாஸ்வேர்ட் கேட்டது.

"எடுத்துடு, எடுத்துடு!"

எடுத்தான். இருந்த பூட்டும் போயிற்று. தளத்தைத் திறந்தால் எடுத்த எடுப்பிலேயே பல் டாக்டரம்மாவின் வாய் பற்றிய குறிப்புதான் வந்து நின்றது.

"அத்தான், பதறாதீங்க, நான் வேணா..."

"நீ எதையும் தொடாதே!"

செயலாளர் அலமாரி மேல் இருந்த சர்வரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு காகிதத்தை எடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடும்போது காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சார், எல்லாரும் கீழ கூடிட்டாங்க. வக்கீல் சாரும் டாக்டரம்மாவும்தான் முன்னால நிக்கிறாங்க. பக்கம் ஏன் திறக்கலன்னு ஒரே சத்தம்."

"நான் பதவிய விட்டுடறேன்னு சொல்லிடுப்பா. கடிதம் இதோ."

காவலாளி கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன சார் நீங்க, அந்தப் பெரிய எழுத்து வழி ரெண்டு வருஷமா எல்லாருக்கும் தெரியும், நீங்க எழுதுறத விடாம படிக்கணும்னுதானே போன தேர்தல்ல மொத்தப் பேரும் உங்களுக்கே ஓட்டுப் போட்டாங்க!"