மார்பில் பவுடர் பூசியவர்கள்

மூக்கண்டப்பள்ளி தொழிற்பேட்டையில் ஸ்டிக்கர் மேடத்திடம் திட்டு வாங்காத ஜீவன் கிடையாது. வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், நான், கேட்டருகே படுத்திருக்கும் நாய், எல்லோரும் வாங்கியிருக்கிறோம்.

பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வருவார். மின்சாரம் பாயும் ஒருவகை பிளாஸ்டிக்கை மெல்லிசான ஸ்டிக்கராக அச்சடித்து வைத்திருந்தார். நெஞ்சில் ஒட்டினால் இதயத்துடிப்பு அவர் லேப்டாப்பில் கோடாக ஓடும். ஏசி அறையில் சமர்த்தாக இருந்த சாமான், வியர்வை பட்டதும் தப்புத்தப்பாகக் காட்டியதாம். வியர்வைக்குப் பஞ்சமில்லாத இடம் தேடி எங்கள் உலைக்கூடத்துக்கு வந்துவிட்டார். நான் அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

முதல் நாள் எங்கள் ஆட்கள் நெஞ்சில் ஒட்டவே இல்லை. ஒட்டுகிறார், விழுகிறது. மறுபடி ஒட்டுகிறார், விழுகிறது. கிட்டே போய் மோந்து பார்த்தார்.

"மார்ல எதுக்குய்யா பவுடரு? பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?"

"லேடீஸ் வராங்கன்னு சொன்னாங்க மேடம். அதான் கொஞ்சம் நீட்டா..." என்று நெளிந்தான் பிரஸ் ஓட்டும் முனிராஜ்.

தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வேகம் பிடித்து, தெலுங்கில் முடித்தார். மூன்றும் புழங்கும் எல்லையோர ஊர் என்பதால் ஒரு வசவும் வீணாகவில்லை.

ஒரு மத்தியானம் முனிராஜின் கோடு தாறுமாறாக ஓடியது. புது ஸ்டிக்கர் மாற்றினார். அப்போதும் அதே கோணல். நாடி பிடித்துப் பார்த்தவர், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

"லோடு போகணும் மேடம். வேர்வையில இது தப்பா காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

"ஸ்டிக்கர் பொய் சொல்லட்டும்யா, நாடி பொய் சொல்லுமா? புத்தி இதெயா நிமகெ? புத்தி இருக்கா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. உதடு வெளுத்து ஒருத்தன் நிற்கிறான், தரையில் என்னத்தைத் தேடினேன் நான்?

மேடம் விறுவிறுவென்று போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். மொத்த லைனும் நின்றது.

"இப்ப லோடு போகாது. ஆளு போலாமில்ல?"

முனிராஜ் பிழைத்தான். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். மேனேஜர் அதற்கு நன்றி சொல்லவில்லை. லைனை நிறுத்திய குற்றத்துக்கு மேடத்தின் அனுமதியை ரத்து செய்தார். வருஷக்கணக்கான ஆராய்ச்சி பாதியில் நின்றது. பாஸைத் திருப்பி வாங்கும் வேலை எனக்கு.

கேட்டில் நீட்டினார். திட்டுக்குத் தயாராகத்தான் நின்றேன்.

"முனிராஜ வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

என்னை ஒரு வார்த்தையாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம் அந்த அம்மா.